மீட்டர் சரி, நெகடிவ் கறுப்பு: ஒரு பழைய கேமராவும் மூன்று லென்ஸும்

பின்னணி

மதுரையில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவியிடம் அவருடைய தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 வந்து சேர்ந்தது. தாத்தா பக்கத்து ஊரில் பல வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கேமரா அது. கூடவே மூன்று லென்ஸ்: 28 மி.மீ. எஃப்/2.8, 50 மி.மீ. எஃப்/2, 135 மி.மீ. எஃப்/3.5. ஸ்டூடியோவை மூடிய பிறகு எல்லாம் தோல் பைக்குள் போய், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில், இரும்பு பீரோவின் மேல் தட்டில் கிடந்தன.

கே1000 தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1976இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. முழுக்க இயந்திரம்தான். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரியே இல்லாவிட்டாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் படத் திறந்து மூடும் திரை) ஓடும். ஃபோகஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்), வேகம் மூன்றையும் கையால்தான் வைக்க வேண்டும். வியூஃபைண்டரின் வலது பக்கம் ஒரு முள் இருக்கும். அது நடுவில் வந்து நின்றால் வெளிச்சம் சரி.

எங்கள் ஊரில் ஃபிலிமில் படம் எடுக்கும் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். மாணவி அங்கேதான் கேமராவைக் கொண்டுவந்தார். புதிய எல்ஆர்44 பேட்டரி போட்டதும் முள் அசைந்தது. பின் கதவைச் சுற்றியிருந்த பஞ்சு உருகிப் பிசுபிசுத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டினோம். லென்ஸ் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்ததில் 135இன் உள்ளே ஓரத்தில் மட்டும் நூலாம்படை மாதிரி லேசான பூஞ்சை. மற்ற இரண்டும் பளிச்சென்று இருந்தன. கண்ணாடி சுத்தமாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் திருப்தி. லென்ஸின் பின்பக்கத்து லிவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

முதல் ரோல்

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு ஃபிலிமின் உணர்திறன்) 400, 36 படம். எடுத்த இடம் திருமலை நாயக்கர் மகால். பழகுவதற்கு நல்ல இடம் அது. தூண்களுக்கு உள்ளே மங்கிய வெளிச்சம், நடு முற்றத்தில் கண்ணைப் பறிக்கும் வெயில். உள்ளே 50ஐப் போட்டு எஃப்/2, எஃப்/2.8 என்று பெரிய துளையில் 1/60இல் எடுத்தார். முற்றத்துக்கு வந்ததும் 28ஐ மாட்டி எஃப்/11, எஃப்/16. தூணில் இருந்த சிற்ப வேலைக்காக 135இல் சில படங்கள். முள் நடுவில் நின்ற பிறகே ஒவ்வொரு படத்தையும் எடுத்ததாகச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்.

ஃபிலிமை வீட்டிலேயே டி-76 என்ற டெவலப்பர் ரசாயனத்தில் கழுவினார்கள். ஈரம் காய்ந்ததும் நெகடிவை ஃபோனில் படம் பிடித்து, செயலியில் திருப்பிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் படமும் தெரிந்தது. ஆனால் முற்றத்துப் படங்களில் தூணின் வெள்ளைச் சுதைப் பூச்சு வெறும் வெள்ளையாகப் போயிருந்தது, வானத்தில் ஒன்றுமே இல்லை, எங்கும் மணல் தூவியது போல் புள்ளிப் புள்ளியாக கிரெய்ன். "வெயிலில் அப்படித்தான் வரும்" என்று ஒருவர் சொல்ல, அதோடு விட்டிருப்பார்கள்.

நெகடிவையே லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நெகடிவில் வெளிச்சம் அதிகம் பட்ட இடம் கறுப்பாகும், குறைவாகப் பட்ட இடம் மெலிந்து தெளிவாக நிற்கும். தூண்களுக்கு உள்ளே எடுத்த படங்கள் சரியான அடர்த்தியில் இருந்தன. முற்றத்துப் படங்கள் கிட்டத்தட்ட கறுப்பு. பின்னால் டியூப்லைட் இருந்தும் ஒளி ஊடுருவவில்லை. செயலி தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும், ஹெச்பி5 மாதிரியான ஃபிலிமும் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு) அதிக வெளிச்சத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து கோளாறை மூடி மறைத்திருந்தன. ஸ்கேனைப் பார்த்து எக்ஸ்போஷரை (ஃபிலிமில் பட்ட வெளிச்சத்தின் அளவை) எடைபோடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

யார் மேல் சந்தேகம்?

முதல் சந்தேகம் கழுவிய தண்ணீர் மேல் போனது. டி-76ஐ அப்படியே ஊற்றினால் ஹெச்பி5க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். மதுரையில் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். ஐஸ் வைத்துக் குளிர்விக்காமல் விட்டால் ஃபிலிம் மிதமிஞ்சிக் கறுத்துவிடும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஃபிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் பெயரும் எண்ணும் கேமரா வழியாக வருவதில்லை, கழுவும்போதுதான் வெளிப்படுகின்றன. கழுவியதில் தவறு என்றால் அவையும் தடித்துக் கறுத்திருக்க வேண்டும். அந்த எழுத்துகள் இயல்பாகவே இருந்தன. போதாததற்கு அதே ரோலில் 50இன் படங்கள் சரியாக இருந்தன. ஒரே தொட்டியில் கழுவிய ஃபிலிமில் பாதி மட்டும் கெடாது.

அடுத்து மீட்டர். "பழைய கேமரா, மீட்டர் போயிருக்கும், ஐஎஸ்ஓவை ஏற்றி வை" என்று மாணவிக்குத் தெரிந்த ஒருவர் யோசனை சொன்னார். மீட்டரை வேறு எதோடும் ஒப்பிட்டுப் பார்க்காமலே அடுத்த ரோலில் ஐஎஸ்ஓ 1600 என்று வைத்துவிட்டார் மாணவி. நிஜமான 400க்கு இது இரண்டு ஸ்டாப் குறைவான வெளிச்சம்.

இரண்டாவது ரோல்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் எடுத்தது. இந்த ரோல் குழப்பத்தைக் கூட்டியது. 50இல் எடுத்த படங்கள் இப்போது மெலிந்து போயிருந்தன. நிழலில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் முகம் நெகடிவில் ஏறக்குறைய வெற்றுக் கண்ணாடி. 28இல் வெயிலில் எடுத்தவை அப்போதும் தேவைக்கு மேல் கறுப்பாகவே இருந்தன. மேலும், பொய்யாக வைத்த 1600இன் காரணமாக வெயிலில் எஃப்/22, 1/1000 வரை போக வேண்டி வந்திருக்கிறது. அப்படி எடுத்த எல்லாப் படத்திலும் ஒரு ஓரம் மட்டும் படிப்படியாக மங்கியது. முதல் ரோலில் இல்லாத புதுக் கோளாறு.

மாணவி சோர்ந்துவிட்டார். தாத்தா காலத்தில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிம் உண்டு. இப்போது பெரும்பாலும் வெளிநாட்டு ரோல்தான், விலையும் அப்படித்தான். இரண்டு ரோல் போனபின் மூன்றாவதை வாங்க யாருக்கும் மனம் வராது. "கேமராவை ஷோகேஸில் வெச்சிடலாமா அண்ணா?" என்று கேட்டார்.

எடுத்த முடிவு: எழுதிவைத்து, மாற்றிப் பார்ப்பது

லென்ஸ் கழற்றும் கேமராவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கோளாறு லென்ஸில் என்றால் அது லென்ஸோடு போகும். பாடியில் என்றால் எந்த லென்ஸ் மாட்டினாலும் அங்கேயே நிற்கும். இதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் எந்தப் படத்துக்கு எந்த லென்ஸ், எந்தத் துளை, எந்த வேகம் என்று எழுதியிருக்க வேண்டும். முதல் இரண்டு ரோலுக்கும் மாணவியின் ஞாபகம்தான் ஆதாரம். ஆகவே அந்த இரண்டையும் மேலும் கிண்டுவதில் பயனில்லை என்று முடிவு செய்தோம்.

முதலில் மீட்டரைத் தீர்த்துக்கொண்டோம், ஃபிலிம் போடாமலே. பழைய வெயில் விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 400க்கு 1/500. நடுப்பகலில் திறந்த தெருவைப் பார்த்து வைத்தோம். 28, 50 இரண்டிலுமே முள் அந்த இடத்தில்தான் நடுவில் நின்றது. மீட்டர் மேல் போட்ட பழி அதோடு தீர்ந்தது.

பிறகு ஒரு சோதனை ரோல். வெயில் நேரடியாகப் படாத, சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர். மீட்டர் 1/125, எஃப்/11 என்றது. அதே அளவு வெளிச்சத்தை வேறு ஜோடிகளிலும் பெறலாம்: 1/1000இல் எஃப்/4, 1/500இல் எஃப்/5.6, 1/250இல் எஃப்/8, 1/60இல் எஃப்/16. ஐந்து ஜோடி, மூன்று லென்ஸ், பதினைந்து படம். கேமராவில் கோளாறு இல்லையென்றால் பதினைந்தும் ஒரே சாம்பல் நிறத்தில் வர வேண்டும். மாலை நன்றாக மங்கிய பிறகு 28ஐ வைத்து எஃப்/16இல் 1 விநாடிக்கு இன்னும் ஒரு படம். கோடு போட்ட சின்ன நோட்டில் மாணவி ஒவ்வொரு வரியாக எழுதினார்: "8 – 28 – எஃப்/8 – 1/250 – சுவர்." மீதி ஃபிலிமை வீணாக்க வேண்டாம் என்று வீட்டு ஆட்களை எடுத்தார், அதையும் எழுதினார்.

என்ன தெரிந்தது

50இன் ஐந்தில் நான்கு ஒரே அடர்த்தி. 1/1000 மட்டும் ஒரு ஓரத்தில் மெலிந்திருந்தது. 135இலும் அப்படியே, அதே ஓரம். 28இலும் 1/1000இல் அதே ஓரம். மூன்று லென்ஸிலும் இருப்பதால் இது பாடியின் கோளாறு, அதாவது ஷட்டர். கே1000இல் இரண்டு துணித் திரைகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. வேகம் கூடும்போது முதல் திரைக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகும். பழைய எண்ணெய் இறுகி ஒரு திரை கொஞ்சம் பிந்தினாலும் 1/1000இல் அந்த இடைவெளி ஒரு பக்கம் மூட ஆரம்பிக்கும். 1/500இல் இடைவெளி பெரிதாக இருப்பதால் பாதிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை.

28 தனிக் கதை. எஃப்/4இல், மங்கிய அந்த ஓரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சரி. எஃப்/5.6இல் கொஞ்சம் கறுப்பு. எஃப்/8இல் இன்னும். எஃப்/16இல் கன்னங்கரேல். துளை சின்னதாகச் சின்னதாகப் பிழை கூடியது. ஆனால் மாலையில் எஃப்/16, 1 விநாடியில் எடுத்தது கொஞ்சம் மட்டுமே அதிகம். நேரம் கொடுத்தால் துளை மூடுகிறது என்று இதற்குப் பொருள்.

அந்த வாரம் மாணவி நெகடிவைத் தாத்தாவிடம் காட்டினார். தாத்தா நெகடிவை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மீட்டரை விடு பாப்பா. அந்த சின்ன லென்ஸைக் கழட்டிக் குடு" என்றிருக்கிறார். லென்ஸைத் திருப்பி, அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/16இல் வைத்து, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக லிவரை நகத்தால் தள்ளினார். துளை முழுதாகத் திறந்தது. விரலை எடுத்தார். துளையைச் சின்னதாக்க உள்ளே இருக்கும் உலோக இதழ்கள் 'டக்'கென்று சுருங்க வேண்டும். அவை ஆடி அசைந்து, பாதியில் தயங்கி, பிறகு மூடின. 50ஐ வாங்கி அதையும் அப்படியே செய்து காட்டினார்; அது கண் இமைப்பதற்குள் மூடியது. சாய்த்துப் பார்த்தபோது 28இன் இதழ்களில் எண்ணெய் பளபளத்தது.

மறுநாள் ஞாயிறு எங்கள் எல்லோருக்கும் மாணவி இதைக் கேமராவிலேயே காட்டினார். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின் கதவைத் திறந்து, 28ஐ எஃப்/16இல் வைத்து, வேகத்தை 'பி'யில் (பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்து, ஜன்னலைப் பார்த்துப் பட்டனை அமுக்கிப் பிடித்தார். பின்னாலிருந்து பார்த்தால் பெரிய வெளிச்ச வட்டம் ஒன்று தெரிந்து, மெதுவாகச் சுருங்கிச் சின்னப் புள்ளியானது. 50இல் எடுத்த எடுப்பிலேயே புள்ளிதான். இத்தனை நாள் பேசியதை எல்லாம் அந்த ஒரு காட்சி தீர்த்துவிட்டது.

மீட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாம் ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டர் பளிச்சென்று தெரிவதற்காக, வளையத்தில் எந்த எண் இருந்தாலும் லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். பட்டனை அமுக்கிய பிறகுதான் பாடியில் உள்ள லிவர் விலகி, லென்ஸின் ஸ்பிரிங் இதழ்களை மூடும். மீட்டர் அளப்பது திறந்த துளையின் வழியாக வரும் வெளிச்சத்தை. "படம் எடுக்கும்போது எஃப்/16க்கு மூடிவிடும்" என்று வளையம் சொல்வதை நம்பி அது கணக்குப் போடுகிறது. இதழ்கள் உண்மையில் மூடினவா என்று அறிய அதற்கு வழியே இல்லை. எஃப்/2.8க்கும் எஃப்/16க்கும் ஐந்து ஸ்டாப் தூரம், அதாவது 32 மடங்கு வெளிச்சம். இதழ்கள் எஃப்/5.6 அளவுக்கு வந்து நின்றிருந்தாலே எட்டு மடங்கு அதிகம். முற்றத்துப் படங்கள் கறுத்துப்போனதற்கு இதுவே போதும். உள்ளே எஃப்/2இல் எடுத்தபோது மூட வேண்டிய வேலையே கிடையாது.

இதில் தயாரித்த கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பெயரில் வந்த பழைய லென்ஸிலும் இது நடக்கும். ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் சூட்டில் இளகி, எண்ணெய் பிரிந்து, இதழ்கள் வரை ஊர்ந்து போகிறது. மொட்டை மாடிக்குக் கீழே, இரும்பு பீரோவுக்குள், எத்தனையோ மதுரைக் கோடை.

ரிப்பேர்: எதைச் செய்தோம், எதைத் தள்ளிவைத்தோம்

லென்ஸை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம் என்று மாணவிக்கு ஆசை. வேண்டாம் என்று தடுத்தோம். ஃபோகஸ் மரைகளைப் பிரித்து மறுபடி பூட்டும்போது தொடங்கும் இடம் ஒரு பல் மாறினாலும் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. முன்பக்கம் வழியாக லைட்டர் பெட்ரோலைச் சொட்டும் குறுக்கு வழியும் சரிப்படாது. எண்ணெய் கரைந்து பரவும், சில நாள் நன்றாக ஓடும், பிறகு திரும்பப் படியும். வேறு 28 வாங்கலாம் என்றால் அதன் இதழ்கள் எப்படி இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. கடைசியில் பழைய கேமரா பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தார். அவர் இதழ்களைத் தனித்தனியாக எடுத்துத் துடைத்து, எண்ணெயே படாமல் திரும்ப அடுக்கினார். இதழ்கள் காய்ந்த நிலையில்தான் ஓட வேண்டும். மரைக்கு மட்டும் புது கிரீஸ்.

ஷட்டரை அவர் தொடவில்லை, அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான். திரையின் இழுவிசையை மாற்றினால் 1/1000 மட்டும் மாறாது, மற்ற வேகங்களும் நகரும். கருவி வைத்து அளந்து செய்யும் முழு சர்வீஸாகத்தான் அதைச் செய்ய வேண்டும். 1/500 வரை நன்றாக ஓடும் ஷட்டருக்கு இப்போது அந்தச் செலவு அவசியமில்லை என்று மாணவியும் ஒத்துக்கொண்டார். ஐஎஸ்ஓ 400க்கு வெயிலில் 1/500, எஃப்/16 போதும். வெயிலில் துளையைத் திறந்து எடுக்க ஆசைப்பட்டால் ஐஎஸ்ஓ 100 ரோல் போட்டு 1/500, எஃப்/8இல் தொடங்கலாம்.

135இன் பூஞ்சை படத்தில் எங்கும் தெரியவில்லை. முதல் ரோலில் அதில் எடுத்தவை கலங்கியிருந்ததற்குக் காரணம் 1/60 வேகம். அந்த நீளத்துக்குக் கையில் பிடித்து எடுக்க 1/250 வேண்டும். இருந்தாலும் அந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பெட்டியில் வைக்கிறார்.

பிறகு

லென்ஸ் திரும்பியதும் அதே சுவர், அதே ஜோடிகள், 28 மட்டும். 1/1000ஐ விட்டுவிட்டு எடுத்த படங்கள் எல்லாம் ஒரே சாம்பல். அடுத்த வாரம் மீதி ஃபிலிமோடு மறுபடி நாயக்கர் மகால். முற்றத்தில் எஃப்/16இல் எடுத்த நெகடிவில் தூணின் வெள்ளையில் காரை பெயர்ந்த இடமும் தெரிந்தது, வானத்தில் மேகமும் தெரிந்தது. ஐஎஸ்ஓ டயல் 400இல் இருக்கிறது. கண்ட யோசனைக்கும் அதைத் திருப்புவதில்லை.

இனி மாற்றிக்கொள்வது

சோதனையின் வரிசையை மாற்றுகிறோம். எங்களிடம் வரும் எந்தப் பழைய லென்ஸுக்கும் முதலில் லிவர் சோதனை, பிறகு பின் கதவைத் திறந்து 'பி'யில் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம், ஃபிலிம் செலவில்லை. இது முதல் ஞாயிறே நடந்திருந்தால் இரண்டு ரோல் மிஞ்சியிருக்கும். சுவர் ரோல் அதற்கப்புறம்தான். ஆனால் அதை விட்டுவிடவும் கூடாது; 1/1000இன் கோளாறை அது இல்லாமல் இவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்க முடியாது.

மீட்டரைச் சந்தேகித்தால் முதலில் வெயில் விதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றி ஒட்டுமொத்தமாகச் சரிக்கட்டுவது, நன்றாக இருக்கும் லென்ஸின் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

நோட்டு எல்லோருக்கும் கட்டாயம். லென்ஸ் மாற்றும்போது அதை எழுதாமல் அடுத்த படம் எடுப்பதில்லை.

தோல் பையைத் தூக்கிப் போட்டாயிற்று. ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பது அதுதான். கேமராவும் லென்ஸும் இப்போது கீழ்த்தளத்தில், வெயில் படாத அலமாரியில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஜெல்லின் நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். அந்தப் பொறுப்பைத் தாத்தா எடுத்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒருமுறை மூன்று லென்ஸின் லிவரையும் அவரே தள்ளிப் பார்க்கிறார். ஷட்டர் சர்வீஸை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். 1/500லும் ஓரம் மங்கத் தொடங்கினால் அதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள்.